கேலரி சுவரில் 85,000 ரூபாய் ஓவியம்: இது முதலீடா, செலவா?



2025 செப்டம்பர்ல டெல்லியில நடந்த ஒரு ஏலத்துல, வி.எஸ். கெய்தோண்டே 1970-ல வரைஞ்ச ஓர் அரூப ஓவியம் 67.08 கோடி ரூபாய்க்கு வித்துச்சு. மனுஷ உருவம் கிடையாது, மரம் கிடையாது, கோயில் கோபுரம் கிடையாது. வண்ணம், அடுக்கு, வெளிச்சம் அவ்வளவுதான். அந்தச் செய்தி வந்ததுக்கு அப்புறம் நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள்ல ஒரு புது வகை சேர்ந்திருக்கு. சாராம்சம் இதுதான்:

"சார், ஒரு ஆர்ட்டிஸ்ட்டோட சோலோ ஷோவுக்குப் போனேன். ஒரு அப்ஸ்ட்ராக்ட் பெயிண்டிங் ரொம்பப் பிடிச்சிருக்கு. விலை 85,000. அஞ்சு வருஷத்துல நல்லா ஏறும்னு சொல்றாங்க. கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டு வாங்கலாமா?"

நான் ஓவிய விமர்சகன் இல்லை, சிஏ. எந்த ஓவியம் நல்ல ஓவியம்னு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனா அந்த 85,000 ரூபாய் எங்கிருந்து வருது, எங்கே போகுது, திரும்பி வருமா, வந்தா வரி எவ்வளவுன்னு சொல்ல முடியும். அதைத்தான் இந்தக் கட்டுரையில முழுசா பார்க்கப் போறோம்.

முதல்ல, சோலோ ஷோன்னா என்ன?

ஒரே ஓவியரோட படைப்புகளை மட்டும் வெச்சு நடத்துற கண்காட்சிதான் சோலோ ஷோ, அதாவது தனிநபர் கண்காட்சி. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துல இருந்து ஒரு மாசம் வரைக்கும் நடக்கும். நுழைவுக் கட்டணம் பொதுவா இருக்காது. யார் வேணும்னாலும் போகலாம், அரை மணி நேரம் பார்த்துட்டு ஒண்ணும் வாங்காம திரும்பி வரலாம். அதுல வெட்கப்பட எதுவுமே இல்லை.

பண ரீதியா இதுல ரெண்டு மாடல் இருக்கு.

1. வாடகை மாடல்: ஓவியரே ஹாலை வாடகைக்கு எடுத்து, தானே மாட்டி, தானே விப்பார். மும்பை ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி 1952-ல இருந்து இப்படி நடக்குது. அங்கே ஒரு ஹால் கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருக்கணும். சென்னையில கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியிலயும் ஓவியர்கள் வாடகைக்கு இடம் எடுத்து கண்காட்சி நடத்துவாங்க.

2. கமிஷன் மாடல்: தனியார் கேலரி ஓவியரைத் தேர்வு பண்ணும். இடம், லைட்டிங், அழைப்பிதழ், காட்லாக், வாடிக்கையாளர் தொடர்பு எல்லாம் கேலரி பொறுப்பு. வித்தா அதுல ஒரு பங்கு கேலரிக்கு. அந்தப் பங்கு சில இடங்கள்ல பாதி வரைக்கும் போகும்.

உள்ளே போனதும் பிரைஸ் லிஸ்ட் கேளுங்க, தருவாங்க. ஓவியத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அது வித்துப்போச்சுன்னு அர்த்தம்.

85,000-ன்னு யார் முடிவு பண்றாங்க?

ஷேர்னா தினமும் லட்சக்கணக்கான பேர் வாங்கி வித்து விலையைக் கண்டுபிடிக்கிறாங்க. ஓவியத்துல அப்படி இல்லை. சோலோ ஷோவுல இருக்கிற விலையை ஓவியரும் கேலரியும் உட்கார்ந்து பேசி வைக்கிறாங்க. அடிப்படையா பார்க்கிறது இதெல்லாம்:

- அளவு. ஒரே வரிசையில வரைஞ்ச ஓவியங்களுக்கு பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்குதான். அதனாலதான் அழகா இருக்கிறதை விட பெருசா இருக்கிறது விலை கூட இருக்கும்.
- எதுல வரைஞ்சது. கேன்வாஸ் விலை கூட, பேப்பர் குறைவு. 12/50 மாதிரி எண் போட்ட அச்சுப் பிரதிகள் இன்னும் குறைவு.
- போன கண்காட்சியில என்ன விலைக்கு வித்தது.
- ஓவியரோட அனுபவம், விருது, எந்த மியூசியம் அல்லது நிறுவனம் அவர் படைப்பை வாங்கியிருக்கு.

இப்படி வைக்கிற விலை வரும்போதெல்லாம் கொஞ்சம் ஏறும், அநேகமா இறங்காது. ஏன்னா இறக்கினா, போன ஷோவுல வாங்கினவங்க கோபப்படுவாங்க. அதனால "இவர் விலை தொடர்ந்து ஏறிட்டே இருக்கு"ன்னு கேலரி சொன்னா அது பொய்யா இருக்கணும்னு அவசியமில்லை. ஆனா அது கேலரி விக்கிற விலை. நீங்க விக்கப்போனா கிடைக்கிற விலை வேற.

இதை ஒரு வரியில எழுதி வெச்சுக்கலாம்: சோலோ ஷோ விலை முதல் விற்பனை விலை. 67 கோடி செய்தி மறுவிற்பனை விலை. ரெண்டும் ரெண்டு வேற சந்தை.

கெய்தோண்டே கதை நமக்குச் சொல்றது என்ன?

கெய்தோண்டே 1924-ல நாக்பூர்ல பிறந்தவர். மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில படிச்சவர். 1964-ல ராக்ஃபெல்லர் ஃபெல்லோஷிப்ல நியூயார்க் போனார். 1971-ல பத்மஸ்ரீ. அதுக்கப்புறம் டெல்லிக்குப் போய் நிஜாமுதீன் பகுதியில ரொம்ப எளிமையா வாழ்ந்தார். ரோலரும் கத்தியும் வெச்சு வண்ணத்தை அடுக்கடுக்கா ஏத்தி, சுரண்டி எடுத்து வேலை பண்றவர். வருஷத்துக்கு அஞ்சாறு கேன்வாஸ்தான் முடிப்பார். 2001-ல காலமானார்.

விலை வெடிச்சது எப்போ தெரியுமா? 2013 டிசம்பர்ல மும்பை ஏலத்துல ஒரு ஓவியம் 23.7 கோடி. 2014 அக்டோபர்ல நியூயார்க் குகன்ஹைம் மியூசியம் அவருக்குத் தனிக் கண்காட்சி வெச்சுது. 2025-ல 67.08 கோடி. எல்லாமே அவர் போனதுக்கு அப்புறம். அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததும் அந்த ஓவியங்களை வெச்சிருந்தவங்களுக்கும் ஏல நிறுவனத்துக்கும்தான்.

"அப்போ 1970-ல ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா?"ன்னு மனசு கேட்கும். கேட்கட்டும். ஆனா அதே காலத்துல இந்தியா முழுக்க எத்தனையோ ஓவியர்கள் கண்காட்சி நடத்தியிருப்பாங்க. அவங்க ஓவியங்கள் எந்த ஏலத்துக்கும் வரவே இல்லை. ஜெயிச்சவங்களை மட்டும் வெச்சுக் கணக்குப் போடுறது, லாட்டரி அடிச்சவர் பேட்டியைப் பார்த்துட்டு டிக்கெட் வாங்கப் போற மாதிரி. பெரிய ஏலங்கள்ல திரும்பத் திரும்ப வர்றது கொஞ்சம் பெயர்கள்தான். 1,000 பென்னி ஸ்டாக்ல எது அடுத்த பெரிய கம்பெனின்னு இன்னைக்கே சொல்லத் தெரியாத நமக்கு, இது மட்டும் தெரியுமா?

நிபுணர்களுக்குத் தெரியுமான்னு கேட்டா, அதுக்கும் ஒரு பதில் இருக்கு. 2006-ல இந்தியாவுல ஒரு ஆர்ட் ஃபண்ட் சுமார் 100 கோடி ரூபாய் திரட்டுச்சு. ஓவியம் வாங்கி வெச்சு, மூணு வருஷத்துல வித்து லாபம் தர்றதுதான் திட்டம். 2008-ல உலகச் சந்தை விழுந்துச்சு, ஓவியம் வாங்க ஆள் இல்லை. 2009-ல பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நேரத்துல தர முடியல. அப்புறம் செபி நடவடிக்கை வரைக்கும் போச்சு. ஓவியங்கள் எங்கேயும் காணாமப் போகல, நல்ல பெயர்கள்தான். ஆனா வேணும்கிற நாள்ல பணமா மாத்த முடியல. லிக்விடிட்டி ரிஸ்க்குக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணம். எண்கள் என் அனுமானம், உங்க பில்லை வெச்சு மாத்திப் போட்டுக்கோங்க.

- ஓவியம்: ரூ.85,000
- ஜிஎஸ்டி 5%: ரூ.4,250
- நல்ல ஃபிரேம், கண்ணாடி, கொண்டு வர்ற செலவு: ரூ.4,000
- மொத்தம்: ரூ.93,250

இதே பணத்தை 7% வட்டியில அஞ்சு வருஷம் எஃப்டி போட்டா, வரிக்கு முன்னாடி ஏறக்குறைய ரூ.1,30,800 ஆகும்.

சரி, ஓவியத்துல இருந்தும் கையில 1,30,800 வரணும்னா என்ன விலைக்கு விக்கணும்? வித்துக் கொடுக்கிறவருக்கு 20% கமிஷன்னு வெச்சுக்குவோம். அப்போ ரூ.1,63,500-க்கு விக்கணும். அதாவது 85,000 ரூபாய் ஓவியம் அஞ்சு வருஷத்துல 1.92 மடங்கு ஆகணும். வருஷத்துக்கு 14% ஏறணும். அப்பதான் சாதாரண எஃப்டிக்குச் சமம்!

அதுவும் வாங்க ஒரு ஆள் கிடைச்சா. வாங்கின கேலரியே திரும்ப எடுத்துக்குமான்னு கேளுங்க. பெரும்பாலும் எழுத்துல தர மாட்டாங்க. ஏல நிறுவனங்கள் ஏற்கெனவே ஏலத்துல வித்த பெயர்களைத்தான் விரும்பி எடுக்கும். தங்க நகையை அவசரத்துக்கு அடகு வைக்கலாம். அரூப ஓவியத்தை எந்த அடகுக் கடையில வைப்பீங்க?

அப்போ இஎம்ஐ?

வேண்டாம். ஏன்னு பாருங்க. ரூ.89,250-ஐ (ஜிஎஸ்டி சேர்த்து) 12 மாச கார்டு இஎம்ஐயா மாத்துறீங்க, வட்டி 15%னு வெச்சுக்குவோம். மாசம் சுமார் ரூ.8,060. வட்டி மட்டும் ரூ.7,400-க்கு மேல. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தா மொத்தம் சுமார் ரூ.98,000. பிராசஸிங் ஃபீஸ் தனி. 85,000 ரூபாய் பொருளுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம்.

அதுக்குப் பதிலா கேலரியிலயோ ஓவியர்கிட்டயோ நேரா கேளுங்க: "மூணு தவணையா கொடுக்கலாமா?" நிறைய இடத்துல வட்டியில்லாம ஒத்துக்குவாங்க. முழுப் பணம் கொடுத்ததும் ஓவியத்தை எடுத்துக்கலாம். தள்ளுபடியும் கேட்டுப் பார்க்கலாம், தப்பே இல்லை. ஆனா ஹால் வாடகை கட்டி நிக்கிற இளம் ஓவியர்கிட்ட மீன் கடையில பேரம் பேசுற மாதிரி பேசாதீங்க. ஏன்னு அடுத்த பகுதியில சொல்றேன்.

உங்க 85,000-ல ஓவியருக்கு எவ்வளவு போகுது?

இது நம்ம பக்கம் யாரும் போடாத கணக்கு. போட்டுப் பார்ப்போம், இதுவும் ஒரு உதாரணம்தான்.

ரெண்டு வருஷம் வேலை பண்ணி 20 ஓவியத்தோட ஒருத்தர் சோலோ ஷோ வைக்கிறார். எல்லாமே 85,000. கேலரி கமிஷன் 40%. வித்தது 8.

- ஒரு ஓவியத்துல அவர் பங்கு: ரூ.51,000
- 8 ஓவியத்துக்கு: ரூ.4,08,000
- 20 கேன்வாஸ், வண்ணம், ஃபிரேம் செலவு, தலா 6,000 வீதம்: ரூ.1,20,000
- மிச்சம்: ரூ.2,88,000
- 24 மாசத்துக்கு வகுத்தா: மாசம் ரூ.12,000

சுவருல 85,000-ன்னு பார்க்கும்போது "இவ்வளவா?"ன்னு தோணும். அந்தப் பக்கம் நின்னு பார்த்தா மாசம் 12,000. பிஎஃப் கிடையாது, மெடிக்கல் கிடையாது, சம்பளத் தேதி கிடையாது. 8 விக்கலைன்னா அதுவும் கிடையாது. கேலரியும் கொள்ளையடிக்கிறதா நினைக்க வேண்டாம். வாடகை, கரண்ட், ஆள் சம்பளம், விக்காத 12 ஓவியத்தோட ரிஸ்க் எல்லாம் அந்த 40%-லதான்.

அதனாலதான் பல ஓவியர்கள் வேற வருமானம் வெச்சிருந்தாங்க. சென்னையில வாழ்ந்த அரூப ஓவியர் அச்சுதன் கூடல்லூர் (1945–2022) பொதுப்பணித்துறையில இன்ஜினீயரா வேலை பார்த்தவர். சாயங்காலம் மெட்ராஸ் ஆர்ட் கிளப்ல வரைய ஆரம்பிச்சு, வண்ணத்துக்காகவே பேர் வாங்கினவர். நம்மள மாதிரி சம்பளக்காரர்தான். 1966-ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில ஈசிஆர்ல சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆரம்பிச்ச கதையும் ஒரு ஃபைனான்ஸ் பாடம்தான். பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள் வித்த காசுல வயித்துப் பாட்டைப் பார்த்துக்கிட்டு, வரையறதைச் சந்தைக்காக மாத்தாம வெச்சிருந்தாங்க. ரெண்டாவது வருமானம்னு நாம இன்னைக்கு வீடியோ போடுறோம், அவங்க அப்பவே பண்ணிட்டாங்க.

கெய்தோண்டே ஏலத்துல 67 கோடி கைமாறினப்போ ஓவியர் உயிரோட இல்லை. சோலோ ஷோவுல நீங்க கொடுக்கிற 51,000 இந்த மாசம் ஒருத்தர் வீட்டுக்குப் போகுது. ஓவியரோட கைக்கு உங்க பணம் நிச்சயமா போற இடம் முதல் விற்பனை மட்டும்தான். வாங்கறதுக்கு இது ஒரு நல்ல காரணம். "மூணு மடங்கு ஆகும்"கிறது நல்ல காரணம் இல்லை.

வரி விஷயத்துல தெரிஞ்சுக்க வேண்டியது

இங்கேதான் என் தொழிலுக்கு வேலை. சுருக்கமா சொல்றேன்.

1. ஜிஎஸ்டி: கையால வரைஞ்ச ஓவியங்களுக்கு 12% இருந்தது, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 5% ஆச்சு. யாராவது பழைய பழக்கத்துல 12% போட்டா பில்லைக் காட்டிக் கேளுங்க. ஓவியர் நேரா விக்கிறார், ஜிஎஸ்டி பதிவு இல்லைன்னா அவர் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. தமிழ்நாட்டில் பொருள் விற்பனை வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டாத வரைக்கும் பொதுவா பதிவு தேவையில்லை.

2. வித்தா வரி உண்டு: உங்க சோஃபாவை வாங்கினதைவிட அதிக விலைக்கு வித்தாலும் வரி கிடையாது, அது சொந்த உபயோகப் பொருள். ஆனா ஓவியம், சிற்பம், நகை மாதிரி சிலதை சட்டம் அந்தச் சலுகையில இருந்து வெளியே வெச்சிருக்கு. வீட்டு வரவேற்பறையில மாட்டியிருந்தாலும் ஓவியம் மூலதனச் சொத்துதான். 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா லாபத்துல 12.5%, இண்டெக்சேஷன் கிடையாது. அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் ரேட்.

3. நஷ்டம் வந்தா: சம்பளத்துல கழிக்க முடியாது. மூலதன லாபத்துலதான் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டம்னா நீண்ட கால லாபத்துல மட்டும். ரிட்டர்ன் நேரத்துக்குத் தாக்கல் பண்ணியிருந்தா 8 வருஷம் வரைக்கும் எடுத்துட்டுப் போகலாம்.

4. பரிசா வந்தா: அப்பா, அம்மா, கணவன், மனைவி, கூடப் பிறந்தவங்க மாதிரி சட்டம் சொல்ற உறவினர் கொடுத்தா வரி இல்லை. உங்க கல்யாணத்துக்கு யார் கொடுத்தாலும் வரி இல்லை. மத்தபடி நண்பரோ பாஸோ கொடுத்த ஓவியத்தோட சந்தை மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினா, முழு மதிப்பும் உங்க வருமானத்துல சேரும். அந்த வருஷம் வந்த இந்த மாதிரிப் பரிசுகளை எல்லாம் கூட்டித்தான் அந்த 50,000 கணக்கு.

5. பெரிய வாங்கல்: 10 லட்சம் ரூபாய்க்கு மேல ஓவியம் வாங்கினா, விக்கிறவர் 1% டிசிஎஸ் பிடிப்பார். 2025 ஏப்ரல் 22-ல இருந்து இந்த விதி. ரிட்டர்ன்ல அதை வரவு வெச்சுக்கலாம். நம்மல்ல பலருக்கு இது இப்போதைக்குத் தேவைப்படாது!

6. ரொக்கம்: ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கிக்கிறது சட்டப்படி தடை. சின்னத் தொகையா இருந்தாலும் யுபிஐ அல்லது பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க. நாளைக்கு "எவ்வளவுக்கு வாங்கினீங்க?"ன்னு கேட்டா காட்ட ஆதாரம் அதுதான்.

வாங்கினா உங்களுக்கு என்ன கிடைக்குது, என்ன கிடைக்காது

கேன்வாஸ் உங்களோடது. காப்புரிமை ஓவியரோடது. எழுதி வாங்காத வரைக்கும், அந்த ஓவியத்தை டி-ஷர்ட், காலண்டர், கப்புல போட்டு விக்கிற உரிமை உங்களுக்கு இல்லை. இன்னொண்ணு, நம்ம காப்புரிமைச் சட்டத்துல மறுவிற்பனைப் பங்குன்னு ஒரு பிரிவு இருக்கு. முதல்ல காப்புரிமை வெச்சிருந்த ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ, 10,000 ரூபாய்க்கு மேல மறுபடி வித்தா அதுல அதிகபட்சம் 10% வரைக்கும் பங்கு கேட்க உரிமை உண்டு.

வாங்கும்போதே கையில வாங்க வேண்டிய காகிதங்கள்:

- பில்: ஓவியர் பெயர், தலைப்பு, வருஷம், அளவு, எதுல வரைஞ்சதுன்னு எல்லாம் இருக்கணும். "பெயிண்டிங் - 1"ன்னு எழுதின பில்லை ஏத்துக்காதீங்க.
- ஓவியர் கையெழுத்துப் போட்ட உண்மைச் சான்று, கூடவே ஓவியத்தோட போட்டோ.
- அந்தக் கண்காட்சியோட காட்லாக் அல்லது அழைப்பிதழ். ஓவியம் எங்கிருந்து வந்துச்சுங்கிறதுக்கு அதுவும் சாட்சி.
- ஓவியத்தோட முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து மூணையும் நீங்களே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

போலி ஓவியம் இந்தத் துறையில பெரிய தலைவலி. சோலோ ஷோவுல வாங்கறதுல ஒரு நல்ல விஷயம், ஓவியரே முன்னாடி நிக்கிறார். சந்தேகத்துக்கு இடமில்லை.

பராமரிப்பு: நேரடி வெயில் படுற சுவர் வேண்டாம். கடலோர ஊர் ஈரப்பதத்துக்கு பேப்பர் ஓவியத்துல பூஞ்சை வரும். அதனால அமிலம் இல்லாத மவுண்ட் போட்டு ஃபிரேம் பண்ணச் சொல்லுங்க, சுவருக்கும் ஃபிரேமுக்கும் கொஞ்சம் இடைவெளி விடுங்க. வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கிறவங்க, பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில நகை, ஓவியம் மாதிரி மதிப்புள்ள பொருளுக்குத் தனியா சேர்த்துக்கிற கவர் இருக்கான்னு கேட்டுக்கோங்க. தானா சேராது.

சரி, யார் வாங்கலாம்?

இந்த நாலும் முடிஞ்சிருக்கா பாருங்க:

1. ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட்.
2. டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ்.
3. கிரெடிட் கார்டு பாக்கி பூஜ்யம், பர்சனல் லோன் பூஜ்யம்.
4. மாச எஸ்ஐபி நிக்காம போயிட்டு இருக்கு.

நாலுக்கும் ஆமான்னா, அடுத்த கேள்வி ஒண்ணே ஒண்ணு: "இந்த ஓவியம் நாளைக்கு பத்து பைசாவுக்குக்கூட விக்காதுன்னு தெரிஞ்சாலும் இந்த விலைக்கு இதை என் வீட்டு சுவர்ல மாட்டுவேனா?" ஆமான்னா தாராளமா வாங்குங்க. டூருக்கு, புது போனுக்கு ஒதுக்குற மாதிரி ஆசைக் கணக்குல இருந்து எடுங்க. நெட்வொர்த் ஷீட்ல இதுக்கு பூஜ்யம்னு எழுதுங்க. என்னைக்காவது ஏறினா போனஸ்.

இல்லைன்னு தோணினா, வாங்க வேண்டாம். அவ்வளவு சிம்பிள்.

85,000 ரொம்ப அதிகம்னு தோணுறவங்களுக்கும் வழி இருக்கு. அதே ஓவியரோட பேப்பர் படைப்பு, எண் போட்ட அச்சுப் பிரதி இருக்கான்னு கேளுங்க. எழும்பூர் பக்கம் அரசு கவின் கலைக் கல்லூரி (1850-ல ஆரம்பிச்சது) மாதிரி இடங்கள்ல மாணவர்கள் கண்காட்சி நடக்கும்போது போய்ப் பாருங்க. மாசம் 2,000 ஒரு தனி ஆர்.டி போட்டா, ஒரு வருஷத்துல 24,000-க்கு மேல கையில இருக்கும். கடன் இல்லாம முதல் ஓவியம் வாங்க அது போதும்.

"இதை நானே வரைவேனே"ன்னு தோணுதா?

அரூப ஓவியம் முன்னாடி நிக்கும்போது நம்ம வீட்டுல எல்லாரும் சொல்ற வசனம் இது. இதுவும் பணத்தைப் பாதிக்கிற விஷயம்தான். புரியலைன்னு ஒத்துக்க வெட்கப்பட்டு, பக்கத்துல இருக்கிறவர் சொன்னதை நம்பி வாங்கறதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. புரியாத யூலிப் பாலிசியில கையெழுத்துப் போடுற அதே மனநிலை.

அதனால நிதானமா பாருங்க. தூரத்துல நின்னு ஒரு தடவை, கிட்டப் போய் ஒரு தடவை. வண்ணத்துக்கு அடியில வேற வண்ணம் தெரியுதா, ஓரம் எப்படி முடியுது, எங்கே சுரண்டியிருக்கார்னு பாருங்க. கி.ரா.வோட 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குக் கோட்டோவியம் போட்ட ஆதிமூலத்தை நம்மல்ல பல பேருக்குத் தெரியும். முகத்தை அப்படியே கோட்டுல கொண்டு வர்ற அதே கைதான் பின்னாடி வெறும் வண்ணத்துல அரூபமா வரைஞ்சது. உருவம் வரையத் தெரியாததால இப்படி வரையல, தெரிஞ்சும் தள்ளி வெச்சார்.

ஓவியர் அங்கேயே இருந்தா போய்ப் பேசுங்க. "இதை எப்படி ஆரம்பிச்சீங்க?"ன்னு கேளுங்க, சந்தோஷமா சொல்வாங்க. "இது எவ்வளவு ஏறும்?"ங்கிற கேள்வியை மட்டும் வெச்சுக்காதீங்க. அதுக்கு அவங்ககிட்டயும் பதில் கிடையாது, என்கிட்டயும் கிடையாது.

முதல் தடவை போகும்போது கார்டை வீட்டுல வெச்சுட்டுப் போங்க. ஒரு வாரம் கழிச்சும் அந்த ஓவியம் கண்ணுலயே நின்னா, கண்காட்சி முடியறதுக்குள்ள இன்னொரு தடவை போய்ப் பாருங்க. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டாம இருந்தா, மேல சொன்ன நாலு கேள்வியைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஒட்டியிருந்தா, ஒரு ஓவியருக்கு இந்த மாசம் நல்லா போயிருக்குன்னு சந்தோஷப்பட்டுட்டு வாங்க.

அடுத்த கட்டுரையில, வீட்டுல இருக்கிற பழைய நகையை வித்து புது நகை வாங்கும்போது வர்ற வரிக் கணக்கைப் பார்க்கலாம்.